பூ வடிவத்தை அடுக்கினால் இடையில் வெள்ளைக் கோடு: வெக்டராக மாற்றப் பணம் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் ஒரு பூங்கொடி வரைந்தேன். தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. துணியில் அச்சடிப்பதற்காக அதையே பக்கம் பக்கமாக அடுக்கினால், சேரும் இடத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறது. ஓரத்துப் பூக்களும் பாதியில் வெட்டுப்படுகின்றன. அச்சு வேலைகளுக்கு ஏற்பாடு செய்து தரும் ஒருவர், “இலவச மென்பொருளில் இப்படித்தான் வரும், வெக்டராக மாற்றித் தருகிறேன்” என்று பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இங்க்ஸ்கேப்பில் நீங்கள் கோடு கோடாக வரைந்தது ஏற்கெனவே வெக்டர்தான், அதாவது பிக்சல் புள்ளிகளால் அல்லாமல் கோடுகளாலும் வளைவுகளாலும் ஆன படம். அதை மறுபடி வெக்டராக மாற்ற ஒன்றும் இல்லை. உங்கள் சிக்கல் அளவில் இருக்கிறது, மென்பொருளில் இல்லை. அதிக விலை மென்பொருளிலும் அளவு பிசகினால் இதே கோடுதான் வரும்.

முதலில் வெட்டுப்படும் பூக்கள். திரும்பத் திரும்ப வரப்போகும் கட்டத்தை, அதாவது டைலை, 4க்கு 4 அங்குலமுள்ள பக்கமாக (பேஜ்) வைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தைத் தாண்டி ஒரு பூ நீண்டால், அதன் இன்னொரு பிரதி சரியாக 4 அங்குலம் தள்ளி வலது ஓரத்தில் இருக்க வேண்டும். மேலே தாண்டினால் கீழேயும் அப்படியே. மூலையில் உட்கார்ந்த பூ என்றால் நான்கு மூலையிலும் வேண்டும். மவுஸால் இழுத்துக் கண்ணளவில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஆப்ஜெக்ட் மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம், அதில் மூவ் என்ற பகுதியைத் திறந்து எண்ணைத் தட்டுங்கள். சாதாரண நகலுக்குப் பதில், மூலத்தோடு இணைந்தே இருக்கும் நகலான குளோன் எடுத்தால், பிறகு மூலப் பூவின் நிறத்தை மாற்றினாலே மற்றவையும் மாறும்.

அப்புறம் வெள்ளைக் கோடு. டைலை 10 சென்டிமீட்டர் என்று வைத்து 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஏற்றுமதி, அதாவது எக்ஸ்போர்ட், செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கணக்குப் போட்டால் 1181.1 பிக்சல் வருகிறது. பிக்சலை உடைக்க முடியாது. ஆகவே ஓர வரிசை அரைகுறை நிறத்தில் நின்றுவிடுகிறது, இரண்டு டைல்கள் சேரும்போது அதுவே கோடாகத் தெரிகிறது. 4 அங்குலம் வைத்தால் அதே 300 டிபிஐயில் சரியாக 1200 பிக்சல், தொந்தரவு இல்லை. பின்னணி நிறத்துக்குப் போடும் செவ்வகத்தைப் பக்கத்தை விடப் பெரிதாக, சுற்றுக்கோடு இல்லாமல் போடுங்கள். ஏற்றுமதியில் பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

எல்லாக் கோடும் பிழை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இதில்தான் பலர் வீணாகப் பயந்து பணம் இழக்கிறார்கள். வெக்டர் டைல்களை ஒட்டி ஒட்டி வைத்தால், அளவு மிகச் சரியாக இருந்தாலும் திரையில் மயிரிழை போல ஒரு கோடு தெரியலாம். திரை ஓரங்களை மென்மையாக்கிக் காட்டுவதால் வருவது அது. உண்மையா பொய்யா என்று அறிய, நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடும் கூடவே பெரிதானால் அது நிஜமான இடைவெளி. எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே மெலிந்த கோடாக நின்றால் திரையின் மாயம். ஆனால் அந்த மாயக் கோடுகூட, டைல்களை அடுக்கிய நிலையிலேயே படக்கோப்பாக மாற்றினால் படத்துக்குள் பதிந்துவிடும். அதனால் ஒற்றை டைலை மட்டும் பிஎன்ஜி என்ற படக்கோப்பாக எடுத்து அதையே கொடுங்கள். அடுக்குவது அச்சிடுபவர் வேலை. கொடுக்கும் முன் அந்த பிஎன்ஜியை ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் திறந்து, ஆஃப்செட் கட்டளையால் அகலத்திலும் உயரத்திலும் பாதி நகர்த்துங்கள். ஓரங்கள் படத்தின் நடுவுக்கு வந்துவிடும். அங்கே கோடு இல்லையென்றால் எங்கும் இல்லை.

இனி அந்த இடைத்தரகர். ‘வெக்டராக மாற்றுவது’ என்ற பெயரில் இவர்களில் பலர் செய்வது, உங்கள் படத்தைத் தானியங்கி டிரேஸில், அதாவது படத்தைப் பார்த்துக் கணினியே கோடு போடும் வசதியில், போட்டு எடுப்பது. இங்க்ஸ்கேப்பிலேயே பாத் மெனுவில் அந்த வசதி இருக்கிறது. நான்கு நோடில் (கோட்டை வளைக்கும் புள்ளி) முடிய வேண்டிய இதழ் நூறு நோடோடு திரும்பி வரும், பிறகு ஒரு வளைவைக்கூட உங்களால் திருத்த முடியாது. இன்னும் மோசமானவர்கள் ஜேபெக் படத்தை எஸ்விஜி என்ற வெக்டர் கோப்புக்குள் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். வியூ மெனுவில் அவுட்லைன் முறைக்குப் போனால் குட்டு வெளிப்படும். வெக்டர் என்றால் இதழ்களின் கோடுகள் தெரியும், ஒட்டிய படம் என்றால் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூலக் கோப்பை அவரிடம் கொடுத்துவிட்டால் உங்கள் பூங்கொடி வேறு யார் துணியில் போய் விழுகிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. எஸ்விஜியை யாருக்கும் தராதீர்கள், பிஎன்ஜி போதும்.

இவர்கள் பிழைப்பதற்கு வழிவிடுவது அச்சகங்கள்தான். எத்தனை பிக்சல், எந்தக் கோப்பு வகை, எந்த நிறமுறை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், பாதிப் பேருக்கு இடைத்தரகரே தேவைப்படாது. அதை எழுதித் தர இத்தனை வருடத்திலும் பல இடங்களில் ஆள் இல்லை. “கொண்டு வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள், பிறகு நிறம் மங்கினால் வடிவமைத்தவர் தலையில் போடுகிறார்கள். திரையின் பளிச்சென்ற இளஞ்சிவப்பு துணியில் அப்படியே வராது என்பதை முதலிலேயே சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். நேராக அச்சகத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள், உங்கள் டைலை நாலு தடவை அடுக்கி ஒரு சிறு துண்டுத் துணியில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் துண்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் திருப்தியான பிறகு மீதித் துணிக்குச் சரி சொல்லுங்கள்.