ஃபுட்பால் போகட்டும், மற்றவர்கள் ஏன் போக வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கட்டணங்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அதை ஒட்டி ஒரு சந்தேகம். எங்கள் மகள் யூசிஎல்ஏவில் (கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்) இரண்டாம் ஆண்டு, மகன் அதன் பெர்க்லி வளாகத்தில் முதலாம் ஆண்டு. யூசிஎல்ஏ தன் விளையாட்டு அணிகளை பேக்-12 என்ற கான்ஃபரன்ஸிலிருந்து பிக் டென் என்ற இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டது, அதற்காக பெர்க்லிக்கு வருடம் ஒரு கோடி டாலர் கொடுக்கிறது. விடுமுறைக்கு வந்த இருவருக்கும் சாப்பாட்டு மேசையில் இதே சண்டை. "எங்க காசை அவங்களுக்கு எதுக்குக் கொடுக்கணும்?" என்கிறாள் மகள். "எங்களை நட்டாத்துல விட்டுட்டுப் போனதுக்கு" என்கிறான் மகன். வருமானம் இரட்டிப்பாகும்போது யோசிக்க என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்கிறார். எனக்கு ஃபுட்பால் புரியாது, கணக்கு கொஞ்சம் புரியும். இந்த மாற்றம் லாபமா நஷ்டமா? நாங்கள் கட்டும் பணமும் இதில் போகிறதா?

கே. எஸ்., இர்வைன்

அன்புள்ள கே. எஸ்.,

உங்கள் நண்பர் சொல்லும் வருமானக் கணக்கு சரிதான், அங்கிருந்தே தொடங்குகிறேன். கான்ஃபரன்ஸ் என்பது பத்துப் பதினைந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கூட்டு. டிவி உரிமையை அந்தக் கூட்டுதான் மொத்தமாக விற்கும், வரும் பணத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். பேக்-12இல் 2021-22இல் ஒரு பங்கு சுமார் 3.7 கோடி டாலர். பிக் டென் 2022 ஆகஸ்டில் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றுடனும் ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது, அங்கே போனால் வருடம் 6 கோடிக்கும் மேல் கிடைக்கும் என்று அப்போது கணக்குப் போட்டார்கள். இந்தப் பணத்தில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்காகவே வருவது (நம்மூர்க் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்ளும் அமெரிக்க ஆட்டம்). நீச்சல், டென்னிஸ், சாஃப்ட்பால், ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் அதன் நிழலில் நிற்பவை. ஆனால் யூசிஎல்ஏ என்ற பெயருக்குப் பெருமை சேர்த்த 110க்கும் மேற்பட்ட என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பு) பட்டங்கள் இந்த நிழலில் நின்ற ஆட்டங்களிலும் கூடைப்பந்திலும் வந்தவை. ஆர்தர் ஆஷ் 1965இல் கல்லூரி டென்னிஸ் பட்டம் வென்றது இங்கே படிக்கும்போதுதான்.

யூசிஎல்ஏவுக்கு அந்த நேரத்தில் பணம் தேவைப்பட்டது என்பதையும் மறுக்க முடியாது. 2016இல் அண்டர் ஆர்மர் என்ற விளையாட்டு உடை நிறுவனம் 15 வருடத்துக்கு 28 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு, 2020இல் விலகிவிட்டது. வழக்கு 2022இல் 6.75 கோடி டாலரோடு முடிந்தது. நடுவே கொரோனா. 2021 வரையிலான மூன்று வருடங்களில் விளையாட்டுத் துறையின் கடன் 10 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இந்த மாற்றம் இல்லாவிட்டால் சில விளையாட்டுகளையே நிறுத்த வேண்டியிருக்கும் என்று அவர்கள் வாதாடியதை நான் நம்புகிறேன். தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது கிடைத்த படகில் ஏறியிருக்கிறார்கள்.

சரி, படகுக் கூலி எவ்வளவு?

பயணம், சாப்பாடு, படிப்புக்குத் துணை என்று வருடத்துக்கு ஒரு கோடி டாலர் அளவில் கூடுதல் செலவாகும் என்பது அப்போதைய கணிப்பு. அதோடு பெர்க்லிக்கு ஒரு கோடி. இந்த இரண்டையும் கழித்தாலும் காகிதத்தில் மிச்சம் நிற்கும், அதனால்தான் 2022 டிசம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழக ரீஜன்ட்கள் (அதன் ஆட்சிக் குழுவினர்) 11க்கு 5 என்ற வாக்கில் அனுமதி கொடுத்தார்கள். உங்கள் பிள்ளைகளின் சண்டைக்கும் அந்தக் கூட்டத்தில்தான் விடை இருக்கிறது. யூசிஎல்ஏவும் பெர்க்லியும் தனித்தனி நிறுவனங்கள் அல்ல, இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் அதே ரீஜன்ட்கள்தான். ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் நல்ல இடம் பார்த்துப் போக, மற்றவன் வாழ்ந்த வீடு இடிந்தது. அதற்கான ஈடு இது. தொகை ஒரு கோடி என்று 2024 மே மாதம் முடிவானது, மூன்று வருடத்துக்கு, 2026-27 வரை.

வீடு இடிந்தது என்று சும்மா சொல்லவில்லை. 1915இல் போர்ட்லண்டில் தொடங்கிய கூட்டு பேக்-12. 2022 ஜூன் 30 அன்று யூசிஎல்ஏவும் அதே ஊர்ப் பல்கலைக்கழகமான யூஎஸ்சியும் கிளம்பியபோது லாஸ் ஏஞ்சலஸ் என்ற பெரிய டிவி சந்தையே அதன் கையை விட்டுப் போனது. மிச்சமிருந்தவர்களுக்கு நல்ல விலை சொல்ல ஆளில்லை. அடுத்த வருடம் ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரே நாளில் ஓரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா என ஐந்து பேர் கிளம்பினார்கள். ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குள் பாதிப் பங்குக்கு, அதாவது முதல் வருடம் சுமார் 3 கோடி டாலருக்கு, ஒப்புக்கொண்டு போனார்கள். யூசிஎல்ஏவுக்கு முழுப் பங்கு, பின்னால் வந்தவர்களுக்குப் பாதி. முதலில் ஓடியவனுக்கே நல்ல விலை என்று ஆகிவிட்டால் எல்லோருக்கும் ஓடத்தான் தோன்றும்.

பெர்க்லியின் நிலை இன்னும் மோசம். அங்கே மெமோரியல் ஸ்டேடியத்துக்கு நேர் கீழே ஹேவர்ட் நிலநடுக்கப் பிளவு ஓடுகிறது. அதைப் பலப்படுத்திப் புதுப்பித்ததில் 40 கோடி டாலருக்கு மேல் கடன். நம்மவர்கள் தமிழ் இருக்கை என்று பெருமையோடு சொல்லும் அதே பெர்க்லிதான், எந்தக் கூட்டில் சேர்வது என்று தெரியாமல் ஒரு மாதம் தவித்து, ஸ்டான்ஃபோர்டோடு சேர்ந்து அட்லாண்டிக் கரைக்காரர்களின் கூட்டான ஏசிசியில் ஏழு வருடத்துக்கு வெறும் 30 சதவீதப் பங்குக்கு நுழைந்தது. பசிபிக் கரையில் இருக்கும் பிள்ளைகள் இனி மயாமிக்கும் பாஸ்டனுக்கும் போய் ஆட வேண்டும். ஒரு கோடி அவர்களுக்கு அதிகம் என்று உங்கள் மகள் நினைத்தால், தம்பியின் பக்கத்துக் கணக்கை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி, லாபமா நஷ்டமா. இதற்கு இன்னொரு இடத்தைப் பார்த்தால் தெளியும், ஏனென்றால் அங்கே பத்து வருடக் கதை முடிந்து கண் முன்னால் இருக்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகம் 1953இல் ஏசிசியைத் தொடங்கியவர்களில் ஒன்று. பணமில்லாமல் 2012இல் ஏழு அணிகளைக் கலைத்தது, ஆண்கள், பெண்கள் நீச்சல் இரண்டும் அதில் அடக்கம். அதே வருடம் நவம்பரில் பிக் டென்னுக்குப் போகிறோம் என்று அறிவித்தது. ஏசிசி கேட்ட விலகல் கட்டணம் 5.2 கோடி டாலர். இரண்டு பக்கமும் வழக்குப் போட்டு, 2014இல் 3.14 கோடிக்குச் சமரசம் ஆனது. அதற்குப் பிறகு பங்கு வருடா வருடம் ஏறியது, ஆனால் கலைத்த நீச்சல் அணி திரும்ப வரவில்லை. பணம் எங்கே போயிற்று என்றால், பக்கத்து வீட்டுக்காரன் எங்கே செலவு செய்கிறானோ அங்கேதான். பெரிய கான்ஃபரன்ஸில் போய் உட்கார்ந்துவிட்டால் ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் மிச்சிகனுக்கும் ஈடு கொடுத்தாக வேண்டும், கோச் சம்பளம், பயிற்சிக்கூடம் எல்லாம் அவர்கள் அளவுக்கு ஏறும். வரவு ஏறும் வேகத்துக்குச் செலவும் ஏறுவதால் கையில் நிற்பதில்லை.

நான் இருப்பது நியூ ஜெர்சி எடிசனில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அவர்களும் 2014இல் பிக் டென்னில் சேர்ந்தவர்கள். முதல் சில வருடங்கள் முழுப் பங்கு கிடையாது, அது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். முழுப் பங்கும் வந்தது, இன்றும் அவர்களின் விளையாட்டுத் துறை சொந்தக் காலில் நிற்கவில்லை. யூசிஎல்ஏவும் பேக்-12இல் கடைசி வருடமான 2023-24இல் 5 கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறையோடுதான் கிளம்பியது. 2025 ஜூனில் வந்த நீதிமன்றத் தீர்வுப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆட்டக்காரர்களுக்கு முதல் வருடம் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். கொடுக்கலாம் என்றுதான் விதி, பிக் டென்னில் இருந்துகொண்டு கொடுக்காமல் இருக்க முடியாது. கூடுதலாக வரும் என்று கணக்குப் போட்ட பணத்தில் பெரும்பகுதி இந்த ஒரு செலவிலேயே கரைந்துவிடும்.

ஆக என் கணிப்பு, வருமானம் உண்மை, லாபம் என்று ஒன்று மிஞ்சுவது சந்தேகம். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. வருமானம் ஃபுட்பால் கணக்கில் ஏறுகிறது, தூரத்தை மற்றப் பிள்ளைகள் சுமக்கிறார்கள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஊரிலிருந்து வந்த அண்ணியைத் திருப்பி அனுப்ப நூவர்க் விமான நிலையம் போயிருந்தேன். செக்-இன் வரிசைக்குப் பக்கத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்த ஒரு பெண்கள் அணி. இருபது பேர் இருக்கும், எல்லோரும் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் முழங்காலில் ஐஸ் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அந்தக் காலை நீட்டி வைத்து, மறுகால் மடியில் லேப்டாப்பை வைத்து ஏதோ கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். என்னம்மா படிக்கிறாய் என்று அண்ணி கேட்டார். வேதியியல், இன்றிரவு பன்னிரண்டுக்குள் சமர்ப்பிக்க வேண்டும், விமானத்தில் வைஃபை வேலை செய்யுமா தெரியவில்லை என்றாள். ஊர் போய்ச் சேர நடுராத்திரி ஆகும், காலை எட்டு மணிக்கு லேப். அண்ணி கைப்பையில் வைத்திருந்த முறுக்குப் பொட்டலத்தை அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டார்.

இந்தப் பெண்ணின் ஆட்டத்தை எந்த டிவியும் கோடி கொடுத்து வாங்கவில்லை. முன்பெல்லாம் யூசிஎல்ஏ பிள்ளைகளுக்கு பெர்க்லியோடு ஆட்டம் என்றால் ஒன்றேகால் மணி நேர விமானம். இப்போது நியூ ஜெர்சிக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல், அதோடு மூன்று மணி நேரக் கடிகார வித்தியாசம். யூசிஎல்ஏ குவார்ட்டர் முறையில் நடக்கும் இடம், பாடம் பத்தே வாரம். அதில் இரண்டு வாரம் இரண்டிரண்டு நாள் போனால் என்ன ஆகும் என்று உங்கள் மகளுக்கே தெரியும்.

மாற்று வழி இல்லையா என்றால், இருக்கிறது. வாட்டர் போலோ, ஆண்கள் வாலிபால், பீச் வாலிபால் மூன்றும் பிக் டென்னில் கிடையாது, அதனால் யூசிஎல்ஏவின் அந்த அணிகள் மேற்குப் பகுதியின் எம்பிஎஸ்எஃப் என்ற தனிக் கூட்டில்தான் ஆடுகின்றன. அதனால் அவற்றின் தரம் குறைந்துவிடவில்லை. கனெக்டிகட் பல்கலைக்கழகம் 2020இல் 1.7 கோடி டாலர் கட்டிவிட்டு, டல்சாவுக்கும் டாம்பாவுக்கும் பறந்துகொண்டிருந்த கான்ஃபரன்ஸிலிருந்து வெளியே வந்து பழைய பிக் ஈஸ்டுக்கே திரும்பியது, ஃபுட்பாலை மட்டும் எந்தக் கூட்டிலும் சேர்க்காமல் தனியே நிறுத்தியது. டிவி பணம் குறையும் என்று தெரிந்துதான் செய்தார்கள், பற்றாக்குறை இன்னும் தீரவில்லை. ஆனால் ஆண்கள் கூடைப்பந்தில் 2023, 2024 இரண்டு வருடமும் தேசியப் பட்டம் அவர்களுக்குத்தான், மற்ற அணிகளுக்கும் பயணத் தூரம் குறைந்தது. ஃபுட்பால் எங்கே வேண்டுமானாலும் போய்ச் சம்பாதிக்கட்டும், சாஃப்ட்பாலும் டென்னிஸும் ஏன் அதன் பின்னால் மூன்று நேர மண்டலம் தாண்ட வேண்டும்? டிவி நிறுவனங்கள் ஃபுட்பாலை வைத்துத்தான் விலை பேசுகின்றன என்றால் ஒப்பந்தத்தையும் ஃபுட்பாலுக்கு மட்டும் எழுதலாமே.

உங்கள் கட்டணத்தைப் பற்றி. விளையாட்டுக்கென்று மாணவர் கட்டணத்திலிருந்து நேராகப் போவது யூசிஎல்ஏவில் மிகச் சிறிய தொகை, அதை நினைத்து வருந்த வேண்டாம். ஆனால் துறையில் விழும் துண்டைக் கடைசியில் பல்கலைக்கழகம்தான் தாங்குகிறது, அதுவும் எங்கிருந்தோ வரும் பணமில்லை. பெற்றோர் கூட்டத்தில் கேட்பதாக இருந்தால் கட்டணத்தை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: இந்த வருடம் பொது நிதியிலிருந்து விளையாட்டுத் துறைக்கு எவ்வளவு போனது, அது கடனா மானியமா?

அப்புறம், மகளிடம் ஒன்று விசாரித்துச் சொல்லுங்கள். அவள் வகுப்பில் ஏதாவது ஓர் அணியில் ஆடும் பெண் இருந்தால், வியாழன், வெள்ளிகளில் அவள் இடம் இந்தக் குவார்ட்டரில் எத்தனை முறை காலியாக இருந்தது என்று.