வெளிநாட்டுப் போட்டியில் பேட்மிண்டன்: கேட்டீர்கள், சொல்கிறேன்

சில வருடங்களாக வெளிநாட்டுப் போட்டிகளில் ஒற்றையர் ஆடி வருகிறேன். பெரும்பாலும் இன்டர்நேஷனல் சீரிஸ், இன்டர்நேஷனல் சேலஞ்ச்; இடம் கிடைத்தால் சூப்பர் 100 (மூன்றும் சர்வதேசப் போட்டிகளின் படிநிலைகள், வரிசைப்படி ஒன்றைவிட ஒன்று பெரியது). வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

என் மகள் ஜூனியர் பிரிவில் நன்றாக ஆடுகிறாள். வெளிநாட்டுப் போட்டிக்கு நாமே பெயர் கொடுத்துவிடலாமா மேடம்? (ஒரு அப்பா)

முடியாது சார். உலக பேட்மிண்டன் சம்மேளனத்தின் போட்டிகளுக்கு உங்கள் நாட்டுச் சங்கம் வழியாகத்தான் பெயர் போக வேண்டும். அதனால் முதல் வேலை, சங்கத்தின் விதிகளையும் கடைசித் தேதிகளையும் தெரிந்துகொள்வது. அந்தத் தேதி போட்டிக்குப் பல வாரங்கள் முன்பே முடிந்துவிடும்.

பெயர் கொடுத்தாலே இடம் கிடைத்துவிடும் என்றும் இல்லை. தரவரிசைப்படி மேலே இருப்பவர்கள் நேராக மெயின் டிராவுக்கு (முக்கியச் சுற்றுகளுக்கு) போவார்கள், அடுத்தவர்கள் தகுதிச் சுற்றுக்கு, மீதிப் பேர் காத்திருப்புப் பட்டியலுக்கு. மேலே யாராவது விலகினால் கீழே இருப்பவர்கள் நகர்வார்கள். இந்த நகர்வு கடைசி நேரம் வரை நடக்கும் என்பதால், தேதி மாற்ற முடிகிற விமான டிக்கெட்டாகப் போடுங்கள். பெரியவர் பிரிவுக்கு வரும்போது கீழ்மட்டமான ஃப்யூச்சர் சீரிஸ், அடுத்து இன்டர்நேஷனல் சீரிஸ் என்று தொடங்கட்டும். எடுத்த எடுப்பில் பெரிய போட்டியின் காத்திருப்புப் பட்டியலில் தொங்குவதை விட, சின்னப் போட்டியில் நாலு மேட்ச் ஆடுவது நல்லது.

தரவரிசைப் புள்ளி எப்படிக் கணக்கிடுகிறார்கள் அக்கா?

கடந்த 52 வாரங்களில் ஆடியவற்றில் சிறந்த 10 முடிவுகளைக் கூட்டுவார்கள். போன வருடம் இதே வாரம் வாங்கிய புள்ளி இந்த வருடம் கழன்றுவிடும். அதனால் சும்மா இருந்தாலே கீழே இறங்குவோம்.

எங்கள் கிளப்பில் யாராலும் அசைக்க முடியாதவர்கள், வெளியே போனால் முதல் சுற்றிலேயே திரும்பிவிடுகிறார்களே, ஏன்?

எதிராளி பலமானவர் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி ஹால். இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குப் போதாது.

பழகிய ஹாலில் ஷட்டில் எங்கே விழும் என்று கை தானாகவே கணக்குப் போட்டிருக்கும். புது ஹாலில் அந்தக் கணக்கு செல்லாது. வெப்பம் கூடினாலும், இடம் கடல் மட்டத்திலிருந்து உயரமாக இருந்தாலும் காற்றின் அடர்த்தி குறையும், ஷட்டில் வேகமாகப் போகும். குளிர்ந்த ஹாலில் அதே அடி பாதியில் தொய்ந்து விழும். அதற்கேற்ற வேகமுள்ள ஷட்டிலைப் போட்டி நடத்துபவர்கள்தான் தேர்வு செய்வார்கள். பின் எல்லைக் கோட்டிலிருந்து கீழ்க்கையால் முழு வீச்சில் அடித்தால், எதிர்ப்புறப் பின் கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் உள்ளே விழ வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியைப் பாருங்கள், கிட்டத்தட்ட அரை மீட்டர்! அதன் இரண்டு முனையில் விழும் இரண்டு ஷட்டிலுமே விதிப்படி சரிதான், ஆனால் உங்கள் கிளியர் (பின்கோடு வரை உயர அனுப்பும் அடி) ஒன்றில் உள்ளே விழும், மற்றதில் வெளியே போகும். வேகம் ஒத்துவரவில்லை என்று கிளப்பில் இறகு நுனியை மடித்து ஆடுவோமே, அது அங்கே குற்றம். ஷட்டிலை மாற்றக்கூட அம்பயரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது காற்று. பெரிய அரங்கில் ஏசி ஓடும்போது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெல்லிய இழுப்பு இருக்கும். உடம்பில் தெரியாது, ஷட்டிலில் தெரியும். காற்று முதுகுப்பக்கம் இருந்தால் லிஃப்ட் (நெட் பக்கத்திலிருந்து பின்னால் தூக்கும் அடி) எல்லாம் வெளியே பறக்கும். எதிர்க்காற்றில் பயமில்லாமல் தூக்கலாம், ஆனால் ஸ்மாஷ் (கீழ்நோக்கி ஓங்கி அடிப்பது) வேகமிழந்து சாகும். நான் டாஸ் வென்றால் பெரும்பாலும் மோசமான பக்கத்தைத்தான் முதலில் எடுப்பேன். ஏனென்றால் கேமுக்குக் கேம் பக்கம் மாறுவதால் இரண்டாவது கேமில் நல்ல பக்கம் வரும். மூன்றாவது கேம் வரை போனால் மோசமான பக்கத்தில் தொடங்கி, ஒருவர் 11 புள்ளி எட்டியதும் பக்கம் மாறி, முடிவை நல்ல பக்கத்தில் ஆடலாம்.

அப்புறம் பின்னணி. சின்ன ஹாலில் பின்சுவர் பக்கத்தில் இருக்கும், ஷட்டிலின் ஆழம் சட்டென்று பிடிபடும். அரங்கில் கோர்ட்டின் மேல் மட்டும் வெளிச்சம், சுற்றிலும் இருட்டு. உயரத் தூக்கிய ஷட்டில் எங்கே இறங்கும் என்று புரிபட நேரமெடுக்கும்.

ஆகவே போட்டிக்கு முன் கிடைக்கும் அந்தச் சின்னப் பயிற்சி நேரத்தை ஸ்மாஷ் அடித்துத் தீர்க்காதீர்கள். நான் முதலில் பின் மூலையிலிருந்து எதிர்ப்புறப் பின் மூலைக்கு உயரக் கிளியர் மட்டும் அடிப்பேன், இரண்டு பக்கத்திலிருந்தும். விழும் இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்வேன். பிறகு லிஃப்ட், பிறகு நெட். வியர்ப்பதற்கு வெளியே ஓடிக்கொள்ளலாம், ஹாலைப் படிக்க வேறு நேரம் கிடையாது.

கோச் கூட வரவில்லை என்றால் தனியாகச் சமாளிக்க முடியுமா?

பலர் அப்படித்தான் ஆடுகிறார்கள். ஆனால் பின்னால் இருக்கும் அந்த நாற்காலி காலியாக இருந்தால் மனசு என்னவோ செய்யும், மறைக்க மாட்டேன். ஷட்டில் ஆட்டத்தில் இல்லாதபோதுதான் கோச் பேசலாம். 11 புள்ளியில் 60 விநாடி இடைவேளை, கேம்களுக்கு நடுவே 120 விநாடி. அந்த நேரத்தில் யாராவது ஒருவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னாலும் போதும்.

கூச்சப்படாமல் இன்னொரு வீரரைக் கேளுங்கள். வேற்று நாட்டவரானாலும் உட்காருவார்கள், நானும் மற்றவர்களுக்காக உட்கார்ந்திருக்கிறேன். இரண்டே விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்: எதிராளி திணறும்போது எந்த மூலைக்கு அடிக்கிறார், என் ஷட்டில் நீளமாகப் போகிறதா குறைகிறதா. இதற்கு மொழிகூட வேண்டாம், கைச்சாடை போதும்.

சர்வீஸ் ஃபால்ட் நிறையக் கொடுப்பார்களா? (இரட்டையர் ஆடும் தம்பி)

கொடுப்பார்கள் தம்பி. 2018-இல் வந்த நிலையான உயர விதிப்படி, அடிக்கும் நொடியில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். சர்வீஸ் ஜட்ஜ் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பார். நீங்கள் உயரமானவர் என்றால் கிளம்பும் முன்பே ஒரு கம்பத்தில் 1.15 மீட்டரைக் குறித்து, நண்பரை உட்கார வைத்துப் பழகுங்கள். 19-19-இல் ஃபால்ட் வாங்கிய பிறகு கையை மாற்ற முடியாது.

போட்டி நேரத்தில் சளி பிடித்தால் வழக்கமான மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

தயவுசெய்து கேட்காமல் போடாதீர்கள். சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின், சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் போட்டிக் காலத்தில் ஊக்கமருந்துக் குற்றம். தெரியாமல் போட்டேன் என்பது விடுதலை தராது. தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் புதுப்பிக்கப்படும், எனவே போன வருடம் பார்த்தது போதாது. ஆஸ்துமா போன்றவற்றுக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள், அது பட்டியலில் இருக்கிறதா, மருத்துவ விலக்கு தேவையா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். அங்கே போய் பாட்டிலில் எழுதியிருப்பது புரியாத மருந்தை வாங்குவதற்குப் பதில், மருத்துவர் சரிபார்த்த மருந்தைச் சீட்டோடு கொண்டுபோங்கள்.

ராக்கெட்டைக் கையிலேயே கொண்டுபோகலாமா?

விமான நிறுவனத்தைப் பொறுத்தது, முன்கூட்டியே கேளுங்கள். அனுமதித்தால் ராக்கெட், ஷூ, ஒரு செட் உடை மூன்றும் கையில். மற்ற பெட்டி தாமதமாக வந்தாலும் ஆடிவிடலாம். இரண்டு நிறத்தில் சட்டை எடுங்கள், எதிராளியும் அதே நிறத்தில் வந்தால் ஒருவர் மாற்ற வேண்டியிருக்கும்.

பரிசுப் பணத்தில் செலவு ஈடாகுமா?

கீழ்மட்டப் போட்டிகளில் ஈடாகாது. முதல் சுற்றோடு நின்றால் கையில் ஒன்றும் வராது. ஆதரவாளரோ, வேலையோ, குடும்பமோ பின்னால் இல்லாமல் இதில் நெடுநாள் நிற்பது கடினம். திறமை இருந்தும் இதனாலேயே நின்றுபோனவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

முதல் நாளே தோற்றுவிட்டால் மீதி நாள்களில் என்ன செய்வீர்கள்?

முதலில் நன்றாகத் தூங்குவேன். அடுத்த நாள் காலை பயிற்சி கோர்ட்டுக்குப் போய்விடுவேன். தோற்றவர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள், வீட்டில் கிடைக்காத ஸ்பாரிங் (சேர்ந்து ஆடிப் பழகுவது) அங்கே கிடைக்கும். இன்னும் போட்டியில் இருப்பவர்களுக்கும் அடித்துக் கொடுக்க ஆள் வேண்டியிருக்கும், கேட்டால் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்கள். மாலையில் மேலே உட்கார்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டே குறிப்பு எழுதுவேன்: எந்த கோர்ட்டில் எந்தப் பக்கம் இழுக்கிறது, ஷட்டிலின் வேகத்தைக் குறிக்கும் எண் என்ன, மாலையில் கூட்டம் நிரம்பியதும் வேகம் மாறுகிறதா. பல போட்டிகள் மறு வருடமும் அதே ஹாலில்தான் நடக்கும்.