தாய்மாமன் சீட்டும் மகளின் மேற்படிப்பும்

கேள்வி: பல்லடம் அருகே பன்னிரண்டு விசைத்தறிகளில் கூலிக்கு நெசவு செய்து வருகிறேன். தறிச் செலவு போக மாதம் 80,000 ரூபாய் நிற்கும். மகள் கோவையில் பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) நான்காம் ஆண்டை முடிக்கப் போகிறாள். ஐந்தாம் ஆண்டுக்குக் கட்டணமும் விடுதியும் சேர்த்து 2,40,000 ரூபாயை இரண்டு மாதத்தில் கட்ட வேண்டும். அதன் பிறகு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரில் (நிலவெளி வடிவமைப்பு) முதுநிலை படிக்க வேண்டும் என்கிறாள். ‘தோட்டத்துல பொறந்த புள்ளைக்குத் தோட்டம் போடப் படிப்பு எதுக்குங்க’ என்று சொந்தத்தில் கேட்கிறார்கள். என் மனைவியின் அண்ணன் நடத்தும் ஏலச்சீட்டில் மூன்று சீட்டுகள் போட்டிருக்கிறேன். இரண்டை எடுத்துவிட்டேன். மூன்றாவதை அடுத்த மாதம் 1,60,000 தள்ளியாவது எடுத்துக் கட்டணத்தைக் கட்டிவிடலாமா? நகைக்கடன் 1,80,000 ரூபாய் இருக்கிறது. பெண் பேரில் வங்கிக் கடன் வாங்க மனம் ஒப்பவில்லை. நாளை சம்பந்தம் பேசும்போது அதைக் குறையாகச் சொல்வார்கள். வெளிநாட்டில் படிக்க வீட்டை ஈடாக வைத்து 45 லட்சம் கடன் வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். வங்கியில் ஒருவர் கல்விக்கென்று யூலிப் (முதலீடும் சேர்ந்த காப்பீட்டுத் திட்டம்) எடுக்கச் சொல்கிறார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பதில்: கடிதத்துடன் இரண்டு படங்களை அனுப்பியிருந்தீர்கள். ஒன்று உங்கள் மச்சான் கொடுத்திருக்கும் சீட்டுப் புத்தகத்தின் பக்கம். மற்றொன்று உங்கள் மகள் வரைந்த படம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் இந்த இரண்டிலும் இருக்கிறது. சீட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் இடறி நிற்கும் இடம் அதுதான்.

முதல் சீட்டு 5 லட்சம், இருபது மாதம், தவணை 25,000. முதல் மாதச் சீட்டை நடத்துபவர் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு மாதாமாதம் ஏலம். அதிகத் தொகையைத் தள்ளுபவருக்கு, அதாவது விட்டுக்கொடுப்பவருக்கு, அந்த மாதச் சீட்டு; தள்ளிய தொகை இருபது பேருக்கும் சமமாகப் பிரிந்து அவரவர் தவணையில் கழிவாகக் குறையும். இரண்டாம் மாதமே நீங்கள் 1,50,000 தள்ளி எடுத்திருக்கிறீர்கள். அன்று உங்கள் கைக்கு வந்தது 3,50,000. ஆனால் அதற்குள் முதல் தவணை 25,000, கழிவு 7,500 போக இரண்டாம் தவணை 17,500 என 42,500 ரூபாயை நீங்கள் கட்டிவிட்டீர்கள். ஆக உங்களுக்கு உண்மையில் கிடைத்த கடன் 3,07,500 தான். மீதி பதினெட்டு மாதங்களில் கழிவு மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். சராசரியாக 3,500 கழிவு கிடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதம் 21,500 வீதம் 3,87,000 கட்டி முடிப்பீர்கள். 79,500 ரூபாய்தானே கூடுதல் என்று தோன்றும். அந்தக் கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் வட்டி ஏறக்குறைய மாதம் நூற்றுக்கு இரண்டேகாலுக்கும் இரண்டரைக்கும் இடையில் வருகிறது. ‘இரண்டு வட்டிக்கு யாரிடமும் கை நீட்டியதில்லை’ என்று கடிதத்தின் வேறோர் இடத்தில் பெருமையுடன் எழுதியிருந்தீர்கள். அதைவிட அதிக வட்டியை ஓராண்டாகக் கட்டி வருகிறீர்கள். அதற்கு வட்டி என்ற பெயர் இல்லாததால் உங்கள் கண்ணில் படவில்லை.

இரண்டாவது சீட்டு 3 லட்சம், தவணை 15,000. அதையும் மூன்றாம் மாதமே தள்ளி எடுத்து, விடுதிக்குக் கொஞ்சமும் முதல் சீட்டின் தவணைக்குக் கொஞ்சமும் கொடுத்திருக்கிறீர்கள். மூன்றாவது மீண்டும் 5 லட்சம். இரண்டு தவணைதான் ஆகியிருக்கிறது. கழிவு போக இன்று மூன்றுக்கும் சேர்த்து மாதம் 55,000 ரூபாய் போகிறது. எண்பதாயிரத்தில் மீதி 25,000. அதில்தான் குடும்பச் செலவும், நகைக்கடன் வட்டியும், கைச்செலவுக்கு மகளுக்கு அனுப்பும் பணமும். நகை ஏன் அடகுக்குப் போயிற்று என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஒரு சீட்டை எடுத்து முந்தைய சீட்டை அடைக்கும் இந்தப் பழக்கத்தைத்தான் நிறுத்த வேண்டும் என்கிறேன். மகளின் படிப்பு உங்களை இந்த நிலைக்குக் கொண்டுவரவில்லை. அவள் பி.காம். படித்திருந்தாலும் இதே புத்தகம் இதே போலத்தான் இருந்திருக்கும்.

எனவே மூன்றாவது சீட்டை அடுத்த மாதம் தள்ளி எடுக்க வேண்டாம். 1,60,000 தள்ளினால் கைக்கு 3,40,000 வரும். 2,40,000 கல்லூரிக்குப் போகும். மீதி ஒரு லட்சம் பழைய தவணைகளில் கரையும். அடுத்த ஆண்டு நான்காவது சீட்டைப் பற்றி எனக்கு எழுதுவீர்கள்.

அந்தச் சீட்டிலிருந்து ஆள் மாற்றி வெளியேறுங்கள். இன்னும் எடுக்காத சீட்டு என்பதால், நீங்கள் கட்டிய 42,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு உங்கள் இடத்தில் உட்கார ஒருவர் கிடைப்பது கடினமன்று. முதல் இரண்டு சீட்டுகளும் எடுத்த சீட்டுகள். அவற்றை ஒரு தவணை தவறாமல் கட்டி முடிக்க வேண்டும், அதில் பேச்சில்லை. முதலாவதற்கு ஆறு மாதமும் இரண்டாவதற்கு ஒன்பது மாதமும் மீதி இருக்கின்றன.

மச்சானிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான தயக்கம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ‘அவர் என் மகளுக்குத் தாய்மாமன்; சீட்டுக்கு மறுத்தால் நாளைக்கு விசேஷத்தில் முன்னால் வந்து நிற்பாரா’ என்று எழுதியிருந்தீர்கள். நம் பக்கத்தில் தாய்மாமன் முறைக்கு உள்ள கனத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவர் கேட்பது சீட்டுக்கு ஆள் சேர வேண்டும் என்பதைத்தான். இருபது பேர் நிறையவில்லை என்றால் சீட்டு ஓடாது, அது அவருடைய கவலை. ஆளை நீங்களே கொண்டுபோய் விட்டால் அந்தக் கவலை தீர்ந்துவிடும். மனைவியையும் அழைத்துக்கொண்டு நேரில் போய், மகளின் கட்டணக் கணக்கை எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள். தொலைபேசியில் சொல்லாதீர்கள். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி இந்த அளவிலான சீட்டைப் பதிவு செய்துதான் நடத்த வேண்டும். அவருடையது பதிவில்லாத சீட்டு. அவர் நாணயமானவராகவே இருக்கட்டும். சீட்டு எடுத்த நான்கு பேர் தறியை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போனால் அவர் என்ன செய்வார்? அப்போது பணமும் போய் உறவும் முறியும்.

இனி ஐந்தாம் ஆண்டுக் கட்டணத்துக்கு வருவோம். அந்த 2,40,000 ரூபாயை வங்கியில் கல்விக்கடனாக வாங்குங்கள். வங்கிகள் பின்பற்றும் பொதுவான கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை ஈடு தேவையில்லை, உங்கள் கைப்பங்கும் தேவையில்லை. பெற்றோர் உடன் கையெழுத்திட்டால் போதும். நடுவில் உள்ள ஆண்டுக்கும் கேட்கலாம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அந்தக் காலத்துக்குத் தனிவட்டிதான் கணக்கிடுவார்கள். ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று வைத்தால் மாதம் 2,000 ரூபாய் வட்டி. அதை அந்தந்த மாதமே கட்டிவிடுங்கள்; கடன் வளராது. உங்கள் ஆண்டு வருமானம் 9,60,000 என்பதால் மத்திய அரசின் வட்டி மானியத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

பெண் பேரில் கடன் என்பது குறை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஓரிடத்தில் உங்களுடன் நான் சற்றுக் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. அடகில் இருக்கும் ஆறு பவுன் யாருக்காகச் சேர்த்தது? அவளுக்காகச் சேர்த்ததுதான். அதை வைத்துச் சீட்டுத் தவணை கட்டுவது குறையாகத் தெரியவில்லை; அவள் தன் சம்பளத்தில் அடைக்கப்போகும் இரண்டரை லட்சம் மட்டும் குறையாகத் தெரிகிறது. மாதம் 4,000 ரூபாய் வீதம் ஏழாண்டில் அடைந்துவிடும் கடன் அது. ஒழுங்காகக் கட்டினால் அவள் பேரில் நல்ல கடன் வரலாறும் உருவாகும். சீட்டில் நீங்கள் கட்டிய லட்சங்களுக்கு எந்த வங்கியிலும் ஒரு வரிப் பதிவுகூட இல்லை.

இப்போது இரண்டாவது படம். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) ஒன்றைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பது போல உங்கள் மகள் வரைந்திருக்கிறாள். கிளுவை வேலி, அதனருகே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், மழைநீர் வேலியோரம் தேங்கி மண்ணுக்குள் இறங்கும் வழி ஒவ்வொன்றையும் அளவுடன் குறித்திருக்கிறாள். கிளுவையின் வேர்களைத் தனியாக ஒரு மூலையில் பெரிதாக்கி வரைந்திருக்கிறாள். தோட்டம் போடுவதற்கு எதற்குப் படிப்பு என்று கேட்ட உறவினரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள். நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளப்பது, தண்ணீரை எங்கே நிறுத்தி எங்கே விடுவது, எந்த மண்ணில் எந்த மரம் நிற்கும், அதைச் சுற்றி மனிதர்கள் எப்படி நடமாடுவார்கள் என்பதைத்தான் இந்தத் துறை கற்றுத் தருகிறது. இது நேற்று முளைத்த படிப்பும் அன்று. அமெரிக்காவின் ஹார்வர்டில் 1900ஆம் ஆண்டிலேயே இதற்குத் தனிப் பாடத்திட்டம் தொடங்கிவிட்டது. நொய்யல் தண்ணீரை ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்கு நிரப்பிக்கொண்டு போன கோவையின் குளங்களையும், சாயக்கழிவால் கெட்டுப்போன ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் கரைகளை அண்மையில் சீரமைத்தார்கள். அவ்வகை வேலைக்கு இந்தப் படிப்பு படித்தவர்கள் தேவை. இது ஆரம்பத்தில் பெரிய சம்பளம் தரும் துறை என்று நான் சொல்லமாட்டேன். ஆகவேதான் குறைந்த கடனில் படிக்க வேண்டிய படிப்பு என்கிறேன்.

பி.ஆர்க். முடித்தவருக்கு முதுநிலை இரண்டு ஆண்டு. டில்லியிலும் போபாலிலும் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகள் மத்திய அரசு நிறுவனங்கள். இரண்டிலும் இத்துறை உண்டு. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் பெயர் பெற்றது. ஆனால் கட்டணம் அரசு நிறுவனங்களைவிட மிக அதிகம். கேட் எனப்படும் முதுநிலைச் சேர்க்கைக்கான தேசியத் தேர்வின் மதிப்பெண்ணுடன் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் முதுநிலை உதவித்தொகை உண்டு. 24 மாதத்துக்கு 2,97,600. அந்தத் துறைக்கு அந்த ஆண்டு உதவித்தொகை பொருந்துமா என்பதைச் சேரும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறட்டும். கட்டணம், விடுதி, உணவு, ரயில், மாதிரி செய்யும் அட்டை, அச்சு என்று எல்லாவற்றுக்கும் இரண்டு ஆண்டுக்கு 6 லட்சம் ஆகும் என்று தாராளமாக வைப்போம். உதவித்தொகை போக 3 லட்சம், மாதம் 12,500.

உங்கள் கையில் அது இருக்குமா என்று பாருங்கள். ஒன்பது மாதத்தில் இரண்டு சீட்டுகளும் முடிந்துவிடும். அடுத்த ஐந்து மாதம், முன்பு தவணைக்குப் போன பணத்திலிருந்து 36,000 வீதம் நகைக்கடனுக்குக் கட்டினால் 1,80,000 அடைந்து நகை வீட்டுக்கு வந்துவிடும். அவள் முதுநிலையில் சேரும் காலமும் ஏறக்குறைய அதுதான். பிறகு மாதம் 12,500 உங்களுக்குச் சுமையாகவே இராது. உதவித்தொகை கிடைக்கவில்லை என்றால் அந்த 3 லட்சத்தை ஏற்கனவே உள்ள கல்விக்கடனுடன் சேர்த்துக் கேட்கலாம். அப்போதும் மொத்தக் கடன் 5,40,000 தான்.

வெளிநாட்டுக் கணக்கையும் ஒரு முறை போட்டுவிடுவோம். 45 லட்சத்துக்கு 11 விழுக்காடு. படிப்பும் தவணை விலக்கும் சேர்ந்த இரண்டரை ஆண்டில் வட்டி மட்டும் 12 லட்சத்துக்கு மேல் ஏறும். 57 லட்சத்தைப் பன்னிரண்டு ஆண்டில் அடைக்க மாதம் 71,000 ரூபாய் வேண்டும். அவளுக்கு அங்கே வேலை கிடைத்து விசாவும் நிலைத்தால் கட்டலாம். இரண்டில் ஒன்று தவறினால் உங்கள் தறிகள் முழுவதும் வங்கிக்காக ஓட வேண்டும், ஈடாக இருப்பது வீடு. முகவருக்கு அவள் சேர்ந்த அன்றே தரகு கிடைத்துவிடும். நம் மண்ணையும் மரத்தையும் வரைந்து பழகிய பெண், முதலில் இந்த நாட்டில் படித்து இரண்டு ஆண்டு வேலை பார்க்கட்டும். அதன் பிறகு அவளே உதவித்தொகை தேடிப் போனால் யாரும் தடுக்க வேண்டாம்.

யூலிப்பைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஐந்து ஆண்டுக்கு அதிலிருந்து பணத்தை எடுக்க முடியாது. உங்களுக்குப் பணம் தேவைப்படுவது இரண்டு மாதத்தில். அதை எடுத்தால்தான் கல்விக்கடன் என்று சொன்னால், அதை எழுத்தில் தரும்படி கிளை மேலாளரிடம் கேளுங்கள். தரமாட்டார்கள்.

இந்த வாரமே கல்லூரியில் படிப்புச் சான்றும் ஐந்தாம் ஆண்டுக் கட்டண விவரமும் வாங்கி, நான்கு ஆண்டு மதிப்பெண் பட்டியல்கள், உங்கள் மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, இருவரின் ஆதார், பான் அட்டைகளுடன் உங்கள் தறிக் கணக்கு இருக்கும் கிளைக்கே போங்கள். இரண்டு மாதம் என்பது கடன் கைக்கு வரப் போதுமான காலம்தான், ஆனால் தள்ளிப் போட இடமில்லை. கேட் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும். ஐந்தாம் ஆண்டில் இருக்கும்போதே எழுதலாம். விண்ணப்பத்தை மகளே கவனித்துக்கொள்வாள். அதற்குரிய கட்டணத்தைச் சீட்டுப் பணத்திலிருந்து கொடுக்காதீர்கள்.