தேக்கு மேசையில் வெள்ளை பூத்தால் சுரண்ட வேண்டாம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய தேக்கு மேசைக்கு மழை நாளில் பிரெஞ்சு பாலிஷ் போட்டீர்கள், வெள்ளையாகப் பூத்துவிட்டது, எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கவா என்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். பிரெஞ்சு பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நல்ல வெயில் நாளாகப் பார்த்து, பழைய வேட்டித் துணியைப் பந்தாகச் சுருட்டி ஸ்பிரிட்டில் லேசாக, சொட்டாத அளவுக்கு நனைத்து, கை நிற்காமல் தடவுங்கள். நின்றால் துணி ஒட்டிப் பாலிஷ் உரியும். அரக்கு இளகி ஈரம் வெளியேறிவிடும். முதலில் மேசைக்காலின் உள்பக்கம் சோதியுங்கள். அப்புறம், பக்கத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது. அடுத்த பூச்சை ஐப்பசி, கார்த்திகை கழித்துப் போடலாம், என்ன அவசரம்?