இருவாட்சி பார்க்க வேலையை விட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 32 வயது. சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் ஈப்போ போய் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை வார்டில் தாதியாக வேலை செய்கிறேன். எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அடிப்படைச் சம்பளம் 3,600 வெள்ளி (ரிங்கிட்). நைட் முடிந்து வந்தால் தூக்கமும் வருவதில்லை, சோறும் இறங்குவதில்லை. பறவை பார்ப்பது, அதிலும் இருவாட்சி (ஹார்ன்பில்) பார்ப்பது ஒன்றுதான் எனக்குச் சந்தோஷம். பைனாகுலரைத் தொட்டு ஏழு மாதம் ஆகிறது. அமெரிக்காவில் ‘டிராவல் நர்ஸ்’ என்று 13 வாரம் ஓர் ஊர், 13 வாரம் இன்னோர் ஊர் என்று வேலை செய்கிறார்களாம். அதே மாதிரி முதலில் சபாவில் மூன்று மாதம், பிறகு வெளிநாடு என்று ஓர் ஏஜெண்ட் சொல்கிறார். 6,500 வெள்ளி கட்ட வேண்டும். டிப்ளோமா அசலை வாங்கி வைத்திருக்கிறார். அடுத்த வாரம் பாஸ்போர்ட்டும் வேண்டுமாம். அம்மா என்னோடுதான் இருக்கிறார். ராஜினாமா கடிதம் கொடுத்துவிடலாமா?

பதில்: தங்கச்சி, கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். பணம் கட்டாதீர்கள். பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

நான் 34 ஆண்டுகள் வார்டில் இருந்தவள். கடைசி 11 ஆண்டுகள் டியூட்டி ரோஸ்டர் எழுதும் வேலை. உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது சபாவும் இல்லை, சம்பளமும் இல்லை. ‘ஏழு மாதம்’ என்ற வார்த்தைதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 13 வாரத்தைப் பார்த்துவிடுவோம்.

13 வார வேலை பொய் இல்லை. அமெரிக்க மருத்துவமனைகள் ஆள் குறையும்போது ஏஜென்சி வழியாகக் குறுகிய காலத்துக்குத் தாதியரை எடுக்கின்றன. தங்குமிடச் செலவும் சேர்த்துக் கொடுக்கின்றன. ஆனால் அது அங்கேயே லைசன்சும் வேலை செய்யும் உரிமையும் வைத்திருப்பவர்களுக்கான ஏற்பாடு. நம் ஊர்த் தாதி அங்கே போக என்கிளெக்ஸ் என்ற தாதியர் லைசன்ஸ் தேர்வு எழுத வேண்டும், சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கொடுக்க வேண்டும், குடியேற்ற விசாவுக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். அந்த வரிசை மாதக்கணக்கில் முடிவதில்லை, ஆண்டுக்கணக்கு. போய்ச் சேர்ந்தாலும், அழைத்துப் போன ஏஜென்சியோடு இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் இருக்கும். நடுவில் விட்டால் அபராதம். ஊர் ஊராகப் பறக்கலாம் என்று நினைத்துப் போனவர் ஒரே வார்டில் மூன்று ஆண்டு கட்டுண்டு கிடப்பார். மலேசியாவில் அப்படி ஒரு முறையே கிடையாது. இங்கே இருப்பது லோக்கம் ஷிப்ட் (ஆள் குறையும் இடத்தில் ஷிப்ட் கணக்கில் வேலை), பகுதி நேரம், ஆறு மாதம் ஓராண்டு ஒப்பந்தம், அவ்வளவுதான்.

இனி அந்த ஏஜெண்ட். இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. நம் தாத்தா பாட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் கங்காணி. ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். அந்த முன்பணமே கடனாகி அவர்கள் காலைக் கட்டியது. வேலைக்கு வந்து நின்ற ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதைத் தடுத்த பிறகுதான் அது ஓய்ந்தது. அன்றைய கங்காணியாவது முன்பணம் கொடுத்தார். இன்றைக்கு இருப்பவர் உங்களிடமே முன்பணம் கேட்கிறார், மருத்துவமனையிடம் தலைக்காசும் வாங்கிக்கொள்கிறார். தோட்டத்துப் பிள்ளைகள் படித்து வெள்ளை யூனிபாரம் போட்ட பிறகும் இந்தக் கணக்கு நம்மைத் தேடி வருவதை என்னால் தாங்க முடியவில்லை.

அவர் உங்களுக்குக் காட்டியது கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தின் பதிவு எண்ணாகத்தான் இருக்கும். நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். எஸ்.எஸ்.எம். எண் ஒரு கம்பெனி இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். நாசி லெமாக் கடைக்கும் அது உண்டு. ஆளை வேலைக்குச் சேர்த்துவிட 1981-ஆம் ஆண்டுத் தனியார் வேலைவாய்ப்பு முகமைச் சட்டத்தின்படி ஆள்பலத் துறையின் தனி உரிமம் வேண்டும். ‘ஏ’ வகை உரிமம் உள்நாட்டு வேலைக்கு மட்டும். வெளிநாட்டுக்கு அனுப்ப ‘பி’ அல்லது ‘சி’ வேண்டும். ஈப்போவில் உள்ள ஆள்பலத் துறை அலுவலகத்தில் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உரிமம் உள்ளவரும் வாய்க்கு வந்ததைக் கேட்க முடியாது. வேலை தேடுபவரிடம் எவ்வளவு வாங்கலாம் என்று சட்டத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது. பிரிட்டனுக்குப் போவதாக இருந்தால் தாதியிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்பது அந்த நாட்டு அரசின் ஆள்சேர்ப்பு நெறிமுறை. ‘புரோசசிங்’, ‘டிரெய்னிங்’, ‘பைல் ஓப்பனிங்’ என்று எந்தப் பெயர் வைத்தாலும் அது கட்டணம்தான். பாஸ்போர்ட் விஷயம் இன்னும் நேர். சட்ட அதிகாரம் இல்லாமல் இன்னொருவருடைய பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். ‘எல்லாரும் கொடுத்துவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான் பாக்கி’ என்று சொல்வார். சொல்லட்டும்.

அப்புறம் சபா. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்த தாதியரே இதில் விழுகிறார்கள். தீபகற்பத்துக்குள் எந்த மாநிலத்துக்கும் நாளைக்கே போய் வேலை செய்யலாம், யாரும் கேட்க மாட்டார்கள். சபாவும் சரவாக்கும் அப்படி இல்லை. 1963-இல் மலேசியா உருவானபோது குடிநுழைவு அதிகாரத்தை அவை தங்கள் கையில் வைத்துக்கொண்டன. அதற்கு அவர்களுக்கு நியாயமான காரணம் இருந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. மைகார்டு என்ற அடையாள அட்டையைக் காட்டி நீங்கள் கோத்தா கினபாலுவில் இறங்கலாம், மூன்று மாதம் வரை சுற்றிப் பார்க்கலாம். வேலை செய்யத்தான் பெர்மிட் வேண்டும். தாதியர் வாரியப் பதிவு, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஏ.பி.சி. பணிச் சான்றிதழ், எட்டு ஆண்டு அனுபவம் எல்லாம் இருந்தாலும் பெர்மிட் வேண்டும். ஏஜெண்ட் ஏன் சரியாக ‘மூன்று மாதம்’ என்கிறார் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். விசிட் பாஸ் முடிவதற்குள் வேலையையும் முடித்துவிடலாம் என்பது அவர் திட்டம். அப்படி வேலை செய்வது குற்றம். பிடிபடுவது நீங்கள், அவர் கோலாலம்பூரில் இருப்பார். வார்டில் ஊசி குத்திக்கொண்டால்கூட ‘இவர் எங்கள் ஊழியரே இல்லை’ என்று கைகழுவ வழி இருக்கிறது. பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் வேலை கொடுக்கும் மருத்துவமனை. ஒப்புதல் வந்த தாளை உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் விமான டிக்கெட். ‘வந்து இறங்குங்கள், இங்கே செய்து கொள்ளலாம்’ என்றால் போகாதீர்கள். அரசுத் தாதியர் மாற்றலாகிப் போவது வேறு கதை, உங்களுக்குப் பொருந்தாது. கேட்கப் போனால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டும். ஒரே நாட்டில் ஒரு தாதி சட்டப்படி வேலை செய்ய என்ன வேண்டும் என்று ஒரே கவுண்டரில் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜெண்ட் பிழைக்கிறார்.

சரி, ஏழு மாதத்துக்கு வருவோம். வேலைவாய்ப்புச் சட்டம் 59-ஆம் பிரிவு வாரம் ஒரு நாள் முழு ஓய்வு என்கிறது. ஷிப்டில் வேலை செய்பவருக்குத் தொடர்ந்து 30 மணி நேரம் கிடைத்தாலே அது ஒரு நாள் ஓய்வாம். திங்கள் காலை 7 மணிக்கு நைட் முடித்து வருகிறீர்கள். செவ்வாய் மதியம் 2 மணிக்கு மறுபடி டியூட்டி. கணக்குப் பார்த்தால் 31 மணி நேரம், சட்டம் திருப்தி. அதில் திங்கள் பகல் முழுக்கப் படுக்கை. செவ்வாய் காலை துணி துவைத்து, அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போனால் பஸ் பிடிக்கிற நேரம் வந்துவிடும். இதற்குப் பெயர் ‘ஆஃப் டே’. நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் ரோஸ்டர் எழுதினேன், ஆள் போதாத வார்டில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. இன்றைக்கும் ஆள் சேர்ப்பதைவிட இருப்பவர்களை நீட்டிக்கொள்வது நிர்வாகங்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது மாதத்தில் இரண்டு தடவை, ஒட்டினாற்போல் இரண்டு நாள். இருவாட்சிக்காக சபாவுக்கே பறக்க வேண்டியதில்லை. மலேசியாவில் உள்ள பத்து வகையும் நம் பேராவில், பெலும் தெமெங்கோர் காட்டில் இருக்கின்றன. குவாலா கங்சார், லெங்கோங் வழியாக கிரிக் போய் அங்கிருந்து பண்டிங் தீவு. ஆகஸ்ட், செப்டம்பரில் விடியற்காலையில் கூட்டம் கூட்டமாகத் தெமெங்கோர் ஏரிக்கு மேல் பறந்து போகும். எனக்கு அதைப் பார்க்கும் பாக்கியம் ஓய்வு பெற்ற பிறகுதான் கிடைத்தது. இறக்கைச் சத்தம் முதலில் கேட்கும், அப்புறம்தான் பறவை தெரியும். நீர்ப்பறவை வேண்டுமென்றால் குவாலா கூலா இருக்கிறது. மலேசிய இயற்கைக் கழகத்தின் பேராக் கிளையில் சேர்ந்தால் கூட வர ஆளும் கிடைக்கும், காரும் கிடைக்கும்.

ஆகவே நர்சிங் மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். சம்பள உயர்வு கேட்க வேண்டாம், மூன்று மாதத்துக்கு ரோஸ்டர் மாற்றம் கேளுங்கள். நைட்டை ஒரே தொகுப்பாகப் போட்டு அதற்குப் பின் இரண்டு ஆஃப். முடியாது என்றால் டே கேர், எண்டோஸ்கோபி, கிளினிக் போன்ற நைட் இல்லாத பிரிவுக்கு மாற்றல். எட்டு ஆண்டு அறுவை வார்டுத் தாதியை இழக்க எந்த மேனேஜரும் விரும்ப மாட்டார். நான் அந்த நாற்காலியில் இருந்தவள், கேட்டவருக்குத்தான் கிடைத்தது, அழுதவருக்குக் கிடைக்கவில்லை.

அதுவும் நடக்காவிட்டால் லோக்கம் போகலாம், கண்ணைத் திறந்துகொண்டு. உங்கள் 3,600 வெள்ளிக்கு முதலாளி போடும் கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) 13 விழுக்காடு, மாதம் 468 வெள்ளி. ஏஜென்சி ‘நீங்கள் சுயதொழில்’ என்று ஒரு வரி எழுதினால் அது போய்விடும், பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியும் போய்விடும், எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்த நாளுக்குச் சம்பளமும் போய்விடும். ஷிப்டுக்கு எவ்வளவு என்று கேட்கும்போது இதையும் கழித்துப் பாருங்கள். அவர்கள் நேரம் குறித்து, அவர்கள் சொல்லும் இடத்தில், அவர்கள் மேற்பார்வையில் வேலை செய்பவரை ஊழியர் என்றே கருத 2023 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தில் 101சி என்ற பிரிவு இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அதைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டு நர்சிங் என்று தனி வீட்டுக்கு அனுப்பினால் நோயாளியைப் பார்ப்பதோடு சமையலும் உங்கள் தலையில் விழும், அதற்குப் போக வேண்டாம். ஏ.பி.சி. புதுப்பிக்க சி.பி.டி. என்ற தொடர்பயிற்சிப் புள்ளிகளை இனி நீங்களே ஓடிச் சேர்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. புது வார்டில் மருந்து எங்கே, டாக்டர் யார் என்று தெரியாமல் நிற்பவருக்குத்தான் கனமான நோயாளிகள் வந்து சேர்வார்கள். களைத்துப் போனவருக்கு அது மருந்து ஆகாது.

களைப்பைப் பற்றியும் ஒன்று. உலகச் சுகாதார நிறுவனம் பர்ன் அவுட்டை நோயாக வகைப்படுத்தவில்லை, வேலை சார்ந்த நிலை என்றே வைத்திருக்கிறது. வேலை மாறினால் அது குறையலாம். ஆனால் ஆஃப் நாளிலும் தூக்கமும் பசியும் இல்லை என்றால், பைனாகுலரை எடுக்கவே மனம் வரவில்லை என்றால், அது மனச்சோர்வாக இருக்கலாம். ரோஸ்டருக்குக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555.

கடைசியில் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், அடுத்த இடத்தின் கடிதம் கைக்கு வந்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் என்று பாருங்கள். எதுவும் எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டு தாண்டியவருக்குச் சட்டப்படி 8 வாரம். மருத்துவமனை உங்களைப் படிக்க வைத்திருந்தால் பாண்டு (இத்தனை ஆண்டு அங்கேயே வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது டிப்ளோமாவைத் திரும்ப வாங்குவது. போன் செய்யாமல், அண்ணனோ மாமாவோ யாரையாவது கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். ‘மருத்துவமனையில் அசலைக் கேட்கிறார்கள்’ என்று சொன்னால் போதும், சண்டை வேண்டாம். வாங்கியதும் எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். கொடுக்க மறுத்தாலோ, பணம் கட்டினால்தான் என்றாலோ, அங்கிருந்து நேராகப் போலீஸ் நிலையம் போய் ரிப்போர்ட் எழுதிவிட்டு, அதன் நகலோடு ஆள்பலத் துறையிலும் புகார் கொடுங்கள். வாட்சாப்பில் அவர் அனுப்பிய எதையும் அழிக்காதீர்கள், 6,500 வெள்ளி என்று அவர் எழுதியது முக்கியமாக.