பூட்டானில் ஒரே அறை

அன்புள்ள அண்ணா,

நானும் என் இணையரும் எட்டு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். இருவரும் ஆண்கள். அக்டோபரில் பூட்டான் போக ஆசை. ஓட்டலில் ஒரே கட்டில் கேட்டால் பிரச்சினை வருமா? கைடுக்குத் தெரிந்தால் என்ன செய்வது? போன வருடம் ஒரு மலை ஊரில், முன்பதிவு செய்திருந்தும், எங்களைப் பார்த்தவுடன் அறை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

தாராளமாகப் போய் வாருங்கள். அந்த மலை ஊரில் உங்களுக்கு நடந்தது அநியாயம். படித்ததும் மனது கனத்துவிட்டது.

பூட்டானின் 2004 தண்டனைச் சட்டத்தில் 213, 214 பிரிவுகள் ‘இயற்கைக்கு மாறான’ உறவைக் குற்றமாக வைத்திருந்தன. 2020 டிசம்பரில் நாடாளுமன்றம், தன்பாலின உறவு அதில் சேராது என்று அதைத் திருத்தியது. 69 உறுப்பினர்களில் 63 பேர் ஆதரவு. 2021 பிப்ரவரியில் மன்னரும் ஒப்புதல் தந்தார். இங்கே இந்தியாவில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவை நீக்க வழக்குப் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். அங்கே சட்டம் இயற்றுகிறவர்களே முன்வந்து மாற்றினார்கள். 2022-இல் மிஸ் பூட்டான் பட்டம் வென்ற தாஷி சோடென், தான் தன்பாலின ஈர்ப்பு உள்ளவர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஆனால் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் இல்லை.

சரி, சட்டத்தை விட உங்களுக்கு முக்கியம் கைடும் டிரைவரும்தான். திம்பு, பாரோ தாண்டினால் கைடு கட்டாயம். ஒரு வாரம் முழுக்க ஒரே வண்டியில் அவர்களோடு இருக்கப் போகிறீர்கள். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே டூர் ஏஜென்சிக்கு மெயில் எழுதுங்கள்: “நாங்கள் இணையர். எல்லா ஊரிலும் ஒரே கட்டில் உள்ள அறை வேண்டும். இதில் சங்கடப்படாத கைடை அனுப்புங்கள்.” நேராகப் பதில் வந்தால் சந்தோஷம். “பார்க்கலாம் சார்” என்று மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். கட்டில் விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்கள் என்றால் கேட்காமலே தனித்தனிக் கட்டில் போட்டுவிடுவார்கள்.

புனாக்கா பக்கம் சிமி லாகாங் கோயிலைச் சுற்றியுள்ள வீட்டுச் சுவர்களில் ஆண்குறி ஓவியங்களைப் பார்ப்பீர்கள். துருக்பா குன்லே என்ற துறவியின் நினைவாக வந்த வழக்கம். பிள்ளை வரம், தீய சக்தியிலிருந்து காவல் என்று நம்புகிறார்கள். அதை வைத்து எல்லோரும் உங்களை இயல்பாக ஏற்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கிராமத்து வீடுகளில் தங்கினால் குடும்பத்தார் பக்கத்திலேயே இருப்பார்கள். அங்கே சொல்வதும் சொல்லாததும் உங்கள் இருவரின் விருப்பம். சொல்லாவிட்டால் அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

அப்புறம், இந்தியர்களுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம் உண்டு. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை எடுத்துப் போங்கள், ஆதார் செல்லாது. அக்டோபரில் கூட்டம் அதிகம், மெயிலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.