பட்ட மரத்தில் முளைத்திருப்பது சிப்பிக்காளானா? பறித்துச் சமைக்கலாமா?

பட்டுப்போன மரத்தில் சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காகக் காளான் முளைத்திருக்கிறது, சிப்பிக்காளான் மாதிரிதான் தெரிகிறது, சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிப்பிக்காளானாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அடுக்கும் நிறமும் மட்டும் போதாது.

நான் எப்போதும் காளானுக்கு முன்னால் மரத்தைத்தான் பார்ப்பேன். சிப்பிக்காளானுக்குப் பிடித்தது அகன்ற இலை மரங்கள்: பீச், பாப்லர், வில்லோ போன்றவை. ஊசியிலை மரத்தில் வெள்ளை வெளேரென்று மெல்லிசாக முளைத்திருந்தால் தொடவே மாட்டேன். 'தேவதைச் சிறகு' எனப்படும் வேறொரு காளான் அப்படித்தான் இருக்கும். ஜப்பானில் காலங்காலமாகச் சாப்பிட்டு வந்ததுதான் அது. 2004-இல் அதைச் சாப்பிட்டு 17 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருந்தவர்கள்.

மரம் சரி என்றால் காளானைத் திருப்பிப் பாருங்கள். அடியில் உள்ள மெல்லிய மடிப்புகள் காம்பு வரை இறங்கி ஓடியிருக்க வேண்டும். காம்பு குட்டையாக, ஓரமாக ஒட்டியிருக்கும். சிலதில் காம்பே இருக்காது. அடுத்தது வித்துத்தூள் சோதனை. பாதி கறுப்பு, பாதி வெள்ளைத் தாளில் மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி காளானை வைத்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் மெதுவாகத் தூக்கினால் மடிப்புகளின் வரி தாளில் அப்படியே தூளாகப் படிந்திருக்கும். வெள்ளையோ லேசான ஊதா கலந்த சாம்பலோ என்றால் மேலே யோசிக்கலாம். பழுப்பு என்றால் அது சிப்பிக்காளானே இல்லை, தூக்கிப் போடுங்கள்.

வெள்ளைத்தூள் வந்தாலும் வேலை முடியவில்லை. ஜப்பானில் அடிக்கடி வயிற்றைக் கெடுக்கும் 'நிலா இரவுக் காளான்' அதே பட்ட பீச் மரத்தில் அதே மாதிரி அடுக்காக முளைக்கும், தூளும் வெள்ளைதான். காம்படியை நெடுக்காக அறுத்தால் உள்ளே கருஊதாக் கறை தெரியும். சிலதில் அதுவும் மங்கலாக இருந்து ஏமாற்றும். இருட்டில் லேசாக ஒளிரும். ஆஸ்திரேலியாவின் 'பேய்க் காளான்' இதற்கு உறவுக்காரன்தான், அதுவும் ஒளிரும். எனவே ஒரே ஓர் அடையாளத்தை வைத்து யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது, மரத்தில் முளைத்ததில் விஷமே கிடையாது... இதெல்லாம் சுத்தப் பொய். செத்த மரத்திலேயே முளைக்கும் 'கேலரினா மார்ஜினேட்டா' என்ற சின்னப் பழுப்புக் காளான் கல்லீரலைக் காலி செய்து ஆளையே கொல்லும்.

இடையில் ஒரு செய்தி: சிப்பிக்காளான் சுத்த சைவம் இல்லை! மரத்தில் நைட்ரஜன் ரொம்பக் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்க, மரத்துக்குள் ஓடும் அதன் நூலிழைகள் நுண்ணிய உருளைப்புழுக்களை நஞ்சால் முடக்கி, உள்ளே புகுந்து உறிஞ்சிவிடும். எனக்கு இந்தக் காளான்மேல் மோகம் வந்ததே இதைப் படித்த பிறகுதான்.

விஷயம் தெரிந்த ஒருவர் காளானை நேரில், காம்படியோடும் கொஞ்சம் மரப்பட்டையோடும் பார்த்துச் சரி என்று சொன்னால் மட்டும் சமையலுக்குப் போங்கள். விளிம்பு சுருண்டிருக்கும் இளசுகளாகப் பார்த்து எடுங்கள், முற்றினால் ரப்பர்தான். மடிப்புக்குள் குட்டி வண்டுகள் ஒளிந்திருக்கும், தட்டி உதறிவிடுங்கள். எண்ணெய் விடாமல் வாணலியில் போட்டு, விடுகிற தண்ணீர் முழுக்கச் சுண்டிய பிறகு எண்ணெய் சேர்த்து வதக்குங்கள். பச்சையாகச் சாப்பிட வேண்டாம். அதில் ஆஸ்ட்ரியோலைசின் என்றொரு புரதம் இருக்கிறது, சூட்டில்தான் அது செயலிழக்கும். முதல் தடவை இரண்டு மூன்று துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சமைக்காத ஒரு முழுக் காளானைக் காகிதத்தில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் டாக்டரிடம் கையோடு கொண்டுபோய்க் காட்ட அது வேண்டும்.